கிட்னி கல் வலியை வீட்டிலேயே சமாளிக்கலாமா? எப்போது கேஷுவாலிட்டிக்கு ஓட வேண்டும்?

கல் சின்னது என்று ஸ்கேனில் ஏற்கெனவே தெரியும், டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு வலி அடங்குகிறது, காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, நீர் வழக்கம்போலப் போகிறது. இவ்வளவும் சரியாக இருந்தால் வீட்டில் இருக்கலாம். ஒன்று தவறினாலும் கிளம்பிவிடுங்கள். ஈரோடு பக்கம் ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்க்கும் மருத்துவர் நான்.

எங்கள் ஊரில் பங்குனி வெயில் ஏறினாலே கல் வலிக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், தறிப் பட்டறையில் நிற்பவர்கள், சரியாகத் தண்ணீர் குடிக்காதவர்கள். போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் கல் வருகிறது என்று எல்லோரும் அதன் மேலேயே பழி போடுவார்கள். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

கல் வலி விலாவில் பிடித்து அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். ஏறும், கொஞ்சம் விடும், மறுபடி ஏறும். ஆளால் ஒரு பக்கமாகப் படுக்கவே முடியாது. அசையாமல் சுருண்டு கிடப்பவரைப் பார்த்தால் எனக்குக் கல்லைவிடக் குடல்வால் மீதுதான் சந்தேகம் வரும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக இப்படி வலி வந்து, வியர்த்துக் கொட்டி, பிரஷரும் இறங்கினால், வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிகிறதா என்று முதலில் பார்ப்போம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் கல் என்று முடிவு கட்ட மாட்டோம்.

சரி, வாழைத்தண்டு ஜூஸ்? குடியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சிறுநீர்க் குழாயில் அடைத்து நிற்கும் கல்லை அது உருட்டிவிடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாலும் கல் தள்ளப்படாது, வாந்திதான் வரும். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கற்கள் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் காத்திருந்து பெரிதாகப் பலன் இருக்காது.

நான் உண்மையில் பயப்படுவது, கல் வலியோடு குளிர் காய்ச்சலும் சேர்ந்து வருகிறவர்களைப் பார்த்துத்தான். அடைப்புக்கு மேலே தேங்கிய நீரில் கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம். அங்கே ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. உள்ளே ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாய் வைத்தோ, முதுகுப் பக்கம் குழாய் போட்டோ அந்த நீரை வடிய விட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் பிரஷர் இறங்கிவிடும். சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம். இவர்களில் பலர் சத்தமே போட மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் 4 மில்லிமீட்டர் கல்லோடு ஒருவர் ஊரையே கூட்டிக்கொண்டிருக்க, இவர் போர்வைக்குள் நடுங்கியபடி படுத்திருப்பார்.

பெண்களிடம் இந்தக் கிருமித் தொற்று வேறு மாதிரி ஆரம்பிக்கிறது. பனியன் கம்பெனியில் பாத்ரூம் போகச் சங்கடப்பட்டு நீரை அடக்குவார்கள், அதற்காகவே தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பு வந்ததும் மெடிக்கலில் ரெண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் கிருமி கிட்னிக்கு ஏறி, விலாவலி, காய்ச்சல், வாந்தியோடு வருவார்கள். கர்ப்பிணி என்றால் வெறும் எரிச்சலுக்கே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

வயதான ஆண்களுக்கு வருவது நீர் அடைப்பு. சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கியிருக்கும், சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருப்பார், அன்று ராத்திரி சொட்டு நீர் வராது. வீட்டில் இளநீர், மோர், சீரகத் தண்ணீர் என்று ஊற்றுவார்கள். பை ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது, இன்னும் ஊற்றினால் வலிதான் கூடும். டியூப் போட்டு வடித்ததும், "நீ நல்லா இருப்பே கண்ணு" என்று அந்த அப்பாரு கையைப் பிடித்துக்கொள்வார். கேஷுவாலிட்டியில் இவ்வளவு உடனடியாக நன்றி கிடைக்கும் வேலை வேறெதுவும் இல்லை.

பையன்கள் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லுவார்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பார்கள், பெற்றவர்கள்தான் கேட்க வேண்டும். சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் காப்பாற்ற வாய்ப்பு நிறைய. விடியும்வரை காத்திருக்கும் விஷயமே இல்லை. மஞ்சள் காட்டிலோ கரும்புக் காட்டிலோ பாம்பு கடித்து, நீர் குறைந்தாலோ சிவந்தாலோ அதுவும் கிட்னி விஷயம்தான். கண்ணாடி விரியன் விஷம் அதைச் செய்யும். ஆனால் நீரின் நிறம் மாறட்டும் என்று காத்திருக்காமல் கடித்த உடனே வர வேண்டும்.

கடைசியாக டயாலிசிஸ் செய்பவர்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போவார்கள், ஒரு டயாலிசிஸ் தவறும், வெயிலுக்கு இதமாகப் பொள்ளாச்சி இளநீர் ரெண்டு குடிப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும், இவர்களுடையதால் முடியாது. வலியே இருக்காது. "காலு சோர்ந்து வருதுங்க" என்பார்கள், அவ்வளவுதான். இசிஜி எடுத்தால் நிலைமை தெரிந்துவிடும், இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். கால்சியம் ஊசி, இன்சுலினோடு குளுக்கோஸ், பிறகு டயாலிசிஸ் என்று போகும்.

வரும்போது பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை (வலி மாத்திரை உட்பட) எல்லாம் எடுத்து வாருங்கள். கடைசியாக எப்போது நீர் போனது என்றும் கேட்போம். டயாலிசிஸ் செய்பவர் என்றால் 108-ல் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள்.