கொடைக்கறி எட்டுக் கிலோ மீதி, ஃப்ரீசர் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. நாங்குநேரி பக்கம் ஒரு கிராமம். இந்த ஆடியில் சுடலைமாடசாமி கோயில் கொடைக்கு நேர்ச்சைக் கிடா வெட்டினோம். கிடா 15,000, தலைக்கட்டு வரி 5,000, வந்த சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு, துணிமணி என்று கைக்காசு போக 40,000 ரூபாய்க்குச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்திருக்கிறேன், இரண்டு வட்டி. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மாதம் 22,000 வரும். மாமியார், பிள்ளைகள் இரண்டு, மொத்தம் ஐந்து பேர். கறி மீனுக்கு வழக்கமாக வாரம் 700 ரூபாய் ஆகும். இப்போது எட்டுக் கிலோ கறி மீதி. இரண்டு பையில் கட்டி எங்கள் சின்ன ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் திணித்திருக்கிறேன், கதவு சரியாக மூடவில்லை. வட்டியில்லாத் தவணையில் 16,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரீசர் பெட்டி எடுப்போம், வருஷா வருஷம் உதவும் என்கிறார் வீட்டுக்காரர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. கடையில் ஆட்டுக்கறி கிலோ 850 என்று வைத்துக்கொண்டாலும் உங்களிடம் இருப்பது 6,800 ரூபாய்க் கறி. அதைக் காப்பாற்ற 16,000 ரூபாய்ப் பெட்டி எதற்கு? கொடை ஆண்டுக்கு ஒருமுறை, தவணையோ மாதாமாதம். பெட்டி ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி மின்சாரம் இழுக்கும், யூனிட் கூடக் கூட மின்கட்டணத்தின் படியும் ஏறும். அப்புறம் இந்த வட்டியில்லாத் தவணை. கிரெடிட் கார்டுத் தவணையில் பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியைப் பொருளின் விலையில் ஒளித்து வைப்பார்கள், இல்லையென்றால் செயலாக்கக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று வேறு வழியில் வாங்குவார்கள். ஏற்கெனவே ஒரு நகை அடகில் இருக்கும்போது இன்னொரு கடன் வீட்டுக்குள் வரக் கூடாது, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

நேர்ச்சைக்குப் போன காசை நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை, அது சாமிக்குக் கொடுத்த வாக்கு. மீதிக் கறி மட்டும்தான் நம் கணக்கு.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய கையோடு உள்ளே போன கறிதானே? அரை நாள் அண்டாவில் வெளியே கிடந்த கறி என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், பிள்ளைகள் உள்ள வீடு. சரியாக இருந்த கறி என்றால் முதல் வேலை அந்த இரண்டு பையையும் பிரிப்பது. கல்லாக உறைந்த கட்டியை ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, இளக விட்டு, கொஞ்சம் வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப உறைய வைப்பதில்தான் கறி கெடுகிறது. ராத்திரி ஒரு பையை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு பாத்திரத்துக்குள் வையுங்கள். காலையில் கத்தி இறங்கும், ஆனால் உள்ளே பனிக்கட்டி நறநறவென்று இருக்கும். அந்தப் பதத்தில் அரைக் கிலோ பொட்டலங்களாகப் போட்டு, தட்டையாக அமுக்கி, காற்றை வெளியேற்றிக் கட்டி உடனே ஃப்ரீசருக்குள் தள்ளுங்கள். தட்டையாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், சீக்கிரம் உறையும், கதவும் மூடும். இப்படி ஐந்து கிலோவுக்குப் பத்துப் பொட்டலம்.

மீதி மூன்று கிலோ, எலும்பில்லாத சதையாகப் பார்த்து எடுத்து, முழுவதும் இளக விட்டு அன்றைக்கே உப்புக்கண்டம் போட்டுவிடுங்கள். உங்கள் மாமியாருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும், அவரையே முன்னால் நிறுத்துங்கள். எங்கள் அம்மா விரல் தடிமனுக்கு நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் வற்றல்தூளும் பிசிறி ஒரு மணி நேரம் வைத்திருந்து, கோணூசியில் சணலைக் கோத்து மாலை மாதிரி மச்சில் கட்டிவிடுவாள். காக்காவுக்கும் ஈக்கும் மேலே கொசுவலை. ராத்திரி வீட்டுக்குள், விடிந்ததும் திரும்பக் கொடியில். உங்கள் பக்கம் ஆடிக்காற்று அடிக்கிற அடிக்கு நாலைந்து நாளில் காய்ந்துவிடும். தென்காசிப் பக்கம் சாரலில் இருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். மடக்கினால் ஒடிய வேண்டும், நடுவில் ஈரம் தெரியக் கூடாது, அதுதான் பதம். மூன்று கிலோ காய்ந்து ஒரு கிலோவுக்குள் வந்துவிடும், பதறாதீர்கள், போனது தண்ணீர்தான். காற்றுப் புகாத சம்படத்தில் போட்டு, அவ்வப்போது எடுத்து வெயிலில் காட்டுங்கள். ஐப்பசி அடைமழையில் ஆட்டோ ஓடாத நாளில் பழைய கஞ்சிக்கு நாலு துண்டு பொரித்தால் போதும், வீட்டில் வேறு தொடுகறி கேட்க மாட்டார்கள்.

இப்போது பொட்டலங்கள். ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று, ஐந்து வாரம். ஐந்து பேருக்கு அரைக் கிலோவா என்று நினைப்பீர்கள். வறுவல் போட்டால் காணாதுதான். குழம்பாக வைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, முருங்கைக்காயோ வாழைக்காயோ உருளைக்கிழங்கோ சேர்த்தால் ராத்திரி தோசைக்கும் மிஞ்சும். எலும்புப் பொட்டலத்தைக் கடலைப்பருப்போடும் கத்தரிக்காயோடும் வேக விடுங்கள், முதலில் வருகிற சாற்றில் ஒரு பாத்திரம் எடுத்து மிளகு தட்டிப் போட்டால் ரசம் தனியாக ஆகிவிடும். ஒரு புதன்கிழமை உளுந்தஞ்சோறு பொங்கிப் பாருங்கள், அதற்குக் கொஞ்சம் கறிக்குழம்பே தாராளம், பிள்ளைகளும் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். கொழுப்பை வீசாமல் வாணலியில் உருக்கி, அதிலேயே வெங்காயத்தை வதக்கினால் அன்றைக்கு எண்ணெய் மிச்சம்.

இனி என் வேலை, காசுக் கணக்கு. இந்த ஐந்து வாரமும் கறிக்கடைக்கும் மீன்காரருக்கும் நீங்கள் கொடுக்காத காசு 3,500. காய்கறிக்கு வாரம் 100 கூடப் போனாலும் 3,000 கையில் நிற்க வேண்டும். நிற்காது, அதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. கறி வாங்கவில்லையே என்று பரோட்டா வாங்குவோம், அதில் போய்விடும். அதனால் ஞாயிறு காலையில், சமையலுக்கு முன்னால், பொட்டலத்தை வெளியே எடுக்கிற கையோடு 600 ரூபாயை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். வீட்டுக்காரர் பார்க்கப் போடுங்கள், அவருக்கும் தெரிய வேண்டும். அடுத்து புரட்டாசி வருகிறது. நீங்கள் அந்த மாதம் கறி சாப்பிடாத வீடாக இருந்தால் அந்த நாலு வாரத்து 2,800 எங்கே போனதென்று ஒவ்வொரு வருஷமும் யாருக்கும் தெரியாது, இந்த வருஷம் அதுவும் டப்பாவுக்கு. மொத்தம் 5,800.

அந்தப் பணம் சங்கிலிக்கு. இரண்டு வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது, 40,000 ரூபாய்க்கு மாதம் 800, ஆண்டுக்கு 9,600. வங்கியிலோ உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அதே சங்கிலியை வைத்தால் ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றாலும் 4,800தான், பாதிக்குப் பாதி. முதலில் அங்கே போய் வட்டி எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்ப வேண்டும், நடுவில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று கேளுங்கள். சரி என்றால் அண்ணன் தம்பி யாரிடமாவது ஒரு பகலுக்குக் கைமாற்று வாங்கி, அடகை மீட்டு, அன்றைக்கே மாற்றி வைத்துவிட்டுக் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஃப்ரீசர் தவணையாக மாதம் 1,300 கட்ட முடியும் என்று நினைத்தீர்கள் அல்லவா, அதையும் இந்தக் கடனுக்கே கட்டுங்கள். டப்பாவில் சேர்ந்ததை மாதம் ஒருமுறை கொண்டுபோய், அசலில் வரவு வைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சாக விட வேண்டாம்.

கடன் அடைந்த மாதமே வங்கியில் ஆயிரம் ரூபாய்த் தொடர் வைப்பு ஒன்று போடுங்கள், அதற்கப்புறம் வருகிற ஆடிக் கொடையின் வரிக்கு அது ஆகும். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள்.