மகள் அணுக்கரு இயற்பியல் படிக்க ஆசைப்பட்டால்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா. உங்கள் மகள் அணுக்கரு இயற்பியலாளர் ஆக வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு மூன்று கவலைகள். கதிர்வீச்சால் உடம்பு கெட்டுவிடுமோ, படிப்பு முடியாமல் நீண்டுகொண்டே போகுமோ, முடித்தாலும் அணுமின் நிலையம் தவிர வேறு எங்கும் வேலை கிடைக்காதோ. முதலாவதையும் மூன்றாவதையும் ஓரளவு இறக்கி வைத்துவிடலாம். இரண்டாவது கவலை நியாயமானது. அதைப் பற்றித்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

கதிர்வீச்சை முதலில் பார்த்துவிடுவோம். மண், பாறை, காற்றில் கலந்திருக்கும் ரேடான் என்னும் கதிரியக்க வாயு, விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் என்று இயற்கையே ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்கிறது. இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்குச் சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக்கூடாது. பெண் ஊழியர் கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், அதன் பிறகு கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்கும்படி வேலையை மாற்றித் தருவார்கள். அணுத்துகள்களை மிக வேகமாக ஓடவைக்கும் துகள் முடுக்கி என்னும் இயந்திரம் இயங்கும் நேரத்தில் அந்த அறைக்குள் ஆளே இருக்க முடியாது. கதவைத் திறந்தால் துகள் கற்றை நின்றுவிடும்படிதான் அமைப்பு. சட்டையில் மாட்டியிருக்கும் அளவி ஒவ்வொருவரும் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு கவனமாக அளந்து கட்டுப்படுத்தப்படும் ஆபத்து மற்ற தொழில்களில் அரிது.

அடுத்து, உங்கள் மகளிடம் ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். அவருக்கு அணுமின் உற்பத்தியில் ஆசையா, அணுவின் மையமான அணுக்கருவின் மேலேயே ஆசையா? அணு உலைகளை வடிவமைத்து ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள். அதுதான் விருப்பம் என்றால் அணுப் பொறியியல் படிக்கலாம். சீக்கிரம் வேலைக்கும் போகலாம். நேர்மின்னேற்றம் கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும்போதும் அணுக்கரு எப்படிச் சிதறாமல் இருக்கிறது, தங்கம் போன்ற கனமான தனிமங்கள் விண்வெளியில் எப்படி உருவாயின என்பவைதான் அவரைத் தூங்கவிடாத கேள்விகள் என்றால், இயற்பியல்தான் வழி.

அந்த வழியில் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. காலையில், காமா கதிர்களின் ஆற்றலை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டரைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் போதுமா என்று பார்க்க வேண்டும். அது மைனஸ் 196 டிகிரி. பிறகு கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளை எதிரே வைத்தால், திரையில் 1173, 1332 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (ஆற்றலின் அலகு) என்ற இடங்களில் இரண்டு கூரான சிகரங்கள் எழ வேண்டும். சிகரம் இடம் மாறியிருந்தால், அகலமாகிவிட்டிருந்தால், காரணம் ஒரு கேபிளாக இருக்கலாம், ஆம்ப்ளிஃபயராக இருக்கலாம், பக்கத்து அறை பம்ப்பின் அதிர்வாகக்கூட இருக்கலாம். அதைத் தேடியே ஒரு நாள் போய்விடும். முடுக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், நிபுணர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், கிடைப்பது பெரும்பாலும் சில நாட்கள். அந்த நாட்களில் இரவு பகலாக ஷிஃப்ட் போட்டு வேலை நடக்கும். அப்புறம் மாதக்கணக்கில் கணினி முன்னால் உட்கார்ந்து தரவை அலச வேண்டும்.

எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கோசுகே மொரிட்டாவின் குழு 113-ஆவது தனிமத்தை உருவாக்கப் பிஸ்மத் மேல் துத்தநாகக் கருக்களை மோதவிட்டது. 2003-இல் தொடங்கினார்கள். 2004-இல் ஓர் அணு, 2005-இல் ஒன்று, அடுத்தது 2012-இல். ஏறக்குறைய 9 ஆண்டு உழைப்புக்கு மூன்றே அணுக்கள். 2016-இல் அதற்கு நிஹோனியம் என்று பெயர் வைத்தார்கள். இதைக் கேட்டதும் உங்கள் மகளின் கண் மின்னுகிறதா, சலிப்பு வருகிறதா என்று பாருங்கள். எனக்கு மதிப்பெண் பட்டியலைவிட அதுதான் முக்கியம்.

சரி, காலக்கணக்குக்கு வருவோம். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள். பிஎச்டி நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள். அதன் பிறகு போஸ்ட்டாக் என்னும் தற்காலிகப் பணி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டுகள். பலர் இரண்டு இடங்களில் செய்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் வேறு வேறு நாடுகளில். நிரந்தரப் பணி கிடைக்கும்போது வயது முப்பதுகளின் நடுப்பகுதிக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். பிஎச்டி முடிப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆறுதல், இயற்பியலில் பிஎச்டிக்கு உதவித்தொகை கிடைப்பதுதான் வழக்கம். கடன் வாங்கி பிஎச்டி செய்யச் சொன்னால் அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திருமணம், குழந்தை, ஊர் மாற்றம் எல்லாம் இந்த ஆண்டுகளில்தான் வந்து சேரும். அணுக்கரு இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் 1930-இல் முனைவர் பட்டம் வாங்கினார். கணவர் வேலை பார்த்த பல்கலைக்கழகங்களிலெல்லாம் பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமலோ பகுதிநேரமாகவோ உழைத்தார். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோட்டானோ நியூட்ரானோ இருந்தால் கரு ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை விளக்கும் கூடு மாதிரியை (கருவுக்குள் அவை அடுக்கடுக்காக அமைகின்றன என்ற கோட்பாட்டை) 1949-இல் தந்தவர்களில் ஒருவர் அவர். முழுநேரச் சம்பளத்துடன் பேராசிரியர் பதவி கிடைத்தது 1960-இல். நோபல் பரிசு 1963-இல். இன்றைய விதிகள் அப்படி இல்லை. ஆனால் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்குமா என்ற சிக்கல் இன்னும் இருக்கிறது. அப்போது மகள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வீட்டார் இப்போதே தீர்மானித்துவிடாதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை பாதையில் பல இடங்களில் கிளைகள் உண்டு. முதுகலைக்குப் பிறகு மருத்துவ இயற்பியல் பக்கம் போகலாம். அதற்குத் தனிப் பயிற்சி தேவை. புற்றுநோய்க் கதிர்சிகிச்சைத் திட்டங்களைக் கணக்கிடுவது இவர்கள்தான். உடலுக்குள் புற்றுநோய் போன்றவற்றைக் காட்டும் பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் கதிரியக்க ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடங்களில் பாதியாகிவிடுவதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்னும் முடுக்கியைத் தொலைவில் வைக்க முடியாது. அங்கும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு, விண்கலங்களுக்கான சிப்களைக் கதிர்வீச்சில் சோதிப்பது, வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புப் பணி, தரவு அறிவியல் என்று பட்டியல் நீளும்.

இதற்கெல்லாம் அடித்தளம் நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், மின்னணுவியல், நிரலாக்கம். சி பிளஸ் பிளஸ், பைத்தான் இரண்டும் தெரிந்திருந்தால் பின்னால் மிகவும் உதவும். நிரலாக்கத்தைப் பிஎச்டி வரை தள்ளிப்போட வேண்டாம்.

இந்த விடுமுறையில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் இதுவரை தெரிந்த அணுக்கருக்களின் வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். அவற்றில் சுமார் 250 மட்டுமே நிலையானவை. ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டால் அரைவாழ்வும் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சிதையும் விதமும் தெரியும். யாரும் சொல்லாமலே அவர் அதில் சுற்றித் திரிந்து கேள்விகளோடு திரும்பி வந்தால், இளங்கலை இயற்பியலுக்குத் தாராளமாக அனுப்புங்கள்.

பிஎச்டி வரும்போது நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பார்த்துத்தான் சேர வேண்டும். சேர்வதற்கு முன் அவரிடம் ஏற்கெனவே படித்து முடித்த மாணவர்களோடு தனியாகப் பேசச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், கட்டுரைகளில் அவர்கள் பெயர் முதலில் வந்ததா என்று கேட்கட்டும்.