கூறைப் பிளவுஸ் சொல்லும் நிறை

கேள்வி: எனக்கு வயது 43. ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். உயரம் 155 சென்ரிமீற்றர். ஐந்து மாதங்களுக்கு முன் 74 கிலோ இருந்தேன். வெறும் வயிற்றில் பார்த்த சீனி 114 என்று வந்தது. "எல்லையில் நிற்கிறீர்கள், நிறையைக் குறையுங்கள்" என்றார் டொக்டர். அம்மாவுக்கும் நீரிழிவு. மாலையில் நடக்கத் தொடங்கினேன். தேநீரில் சீனியை விட்டேன். இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன். இப்போது 68.5 கிலோ. ஆனால் ஒரு மாதமாகத் தராசு அசையவில்லை. 2007 இல் என் திருமணத்தன்று நான் 48 கிலோ. பாமசிச் சுவரில் உள்ள அட்டவணையும் என் உயரத்துக்கு 44 முதல் 55 வரை என்கிறது. அன்று போட்ட கூறைப் பிளவுஸை மாதம் ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். கைகூட நுழையவில்லை. அண்ணா மகளின் கலியாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை முற்றாக விட்டால் அதற்குள் 48க்கு வர முடியுமா? இவ்வளவு முயன்றும் தோற்றுப்போனேன் என்றே படுகிறது. மாமியோ "வாடிப்போனாய் பிள்ளை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வாசகி, கொக்குவில்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

"தோற்றுப்போனேன்" என்ற சொல்லைக் கண்டதும் பேனையை எடுத்து அதன் கீழே கோடு போட்டேன். முதலில் அதைத் தீர்த்துவிடுவோம்.

74 இலிருந்து 68.5 என்றால் ஐந்தரைக் கிலோ. உங்கள் உடல் நிறையில் 7 வீதத்துக்குச் சற்று மேல். இந்த 7 வீதத்துக்கு ஒரு கதை உண்டு. உங்களைப்போலச் சீனி எல்லையில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002 இல் வெளியானது. அதில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த இலக்கு இவ்வளவுதான்: நிறையில் 7 வீதத்தைக் குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். அந்த இலக்கை எல்லோரும் எட்டவும் இல்லை. ஆனாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வருவது, வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட பகுதியினரோடு ஒப்பிடுகையில், 58 வீதத்தால் குறைந்திருந்தது. அந்த மக்களுக்கு வைத்த இலக்கை, கொக்குவிலில் பாடசாலையும் அடுப்படியும் பார்த்துக்கொண்டு ஐந்து மாதத்தில் நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். இதைத் தோல்வி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இனி அந்த 48 கிலோ.

உங்கள் கடிதத்தில் 2007 என்ற ஆண்டைப் பார்த்துச் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். 2006 ஆகஸ்ட்டில், போரினால், யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை மூடப்பட்டது. அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. சங்கக்கடை வாசலில் விடியமுன் வரிசை. பொழுதுபட்டால் ஊரடங்கு. எங்கு போவதென்றாலும் சைக்கிள். எங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தில் ஒரு கலியாணம் நடந்தது. பயற்றம் பணியாரத்துக்குச் சீனி சேர்ப்பதற்காக வீட்டில் எல்லோரும் மூன்று மாதம் வெறுந்தேநீர் குடித்தோம். அம்மா சேர்த்த சீனியை ஒரு பால்மா ரின்னில் போட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். பிள்ளைகள் கண்டால் விரலை விட்டு நக்கிவிடுவார்கள் என்ற பயம்.

உங்கள் கலியாணப் படத்தில் நிற்கும் அந்த மெலிந்த பெண் அழகாகத்தான் இருந்திருப்பார். ஆனால் அந்த 48 கிலோவை அவர் தெரிந்தெடுக்கவில்லை. இருபத்தாறு வயதும், சைக்கிள் மிதித்த கால்களும், நித்திரை இல்லாத இரவுகளும், அளந்து போட்ட சோறும் சேர்ந்து கொடுத்த நிறை அது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு நிறை ஏற வழியே இருந்ததில்லை. அப்படியொரு காலத்தின் நிறையை, நாற்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற உடம்புக்கு இலக்காக வைக்காதீர்கள். அந்தப் பிளவுஸை மாதாமாதம் எடுத்துப் போட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள் என்று ஒரு அக்காவாகக் கேட்கிறேன்.

பாமசிச் சுவர் அட்டவணை பொய் சொல்லவில்லை. கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் திணிவுச் சுட்டெண். இந்தக் கணக்கை 1830களில் தந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெற்றலே என்ற கணித அறிஞர். அவர் வைத்தியர் அல்லர். மக்கள் கூட்டம் ஒன்றின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிவதே அவருடைய நோக்கம். இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க உடலியலாளர் அன்செல் கீஸ், 1972 இல். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. வயலில் மண்வெட்டி பிடிப்பவரும் நாள் முழுவதும் கதிரையில் இருப்பவரும் ஒரே உயரம், ஒரே நிறை என்றால் அதற்கு இருவரும் ஒருவரே.

எங்களைப் போன்ற ஆசிய மக்களுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. உலகப் பொது எல்லை 25. ஆனால் எங்களுக்கு அதற்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்கிறது, நீரிழிவும் வருகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற இரு புள்ளிகளைக் குறித்துக் காட்டியது. 23க்கு மேல் ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது அதிகம். உங்கள் உயரத்துக்கு 23 என்பது 55 கிலோ. சுவரில் நீங்கள் பார்த்தது அதைத்தான். 27.5 என்பது 66 கிலோ. தொடங்கும்போது உங்கள் சுட்டெண் 30.8. இன்று 28.5.

ஆகவே உங்கள் அடுத்த தரிப்பிடம் 66 கிலோ. இன்னும் இரண்டரைக் கிலோதான். தொடங்கிய நிறையில் பத்து வீதத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றும் நன்றாக இறங்குவதற்கு ஐந்து முதல் பத்து வீதக் குறைவு பெரும்பாலும் போதும். 66க்கு வந்ததும் மூன்று மாதம் அங்கேயே நில்லுங்கள். நிற்பதும் ஒரு வேலைதான், குறைப்பதைவிடக் கடினமான வேலை. அதன் பிறகு 62ஐப் பற்றி யோசிக்கலாம். 60க்குக் கீழே போக வேண்டுமா என்பதை அன்றைய சீனியையும் உங்கள் உடம்பின் தெம்பையும் பார்த்து உங்கள் டொக்டரோடு பேசித் தீர்மானியுங்கள். இன்றைக்கு அதைத் தீர்மானிக்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் எத்தனையோ எண்கள் இருக்கின்றன. நான் தேடிய ஓர் எண் மட்டும் இல்லை: இடுப்பளவு. தையல் நாடா வீட்டில் இருக்கும். காலையில், வெறும் வயிற்றோடு நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அவை இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். சேலை கட்டும் இடத்தில் அளந்தால் பிழையாக வரும். மூச்சை மெதுவாக விட்டபின், வயிற்றை எக்காமல், நாடா தோலை அழுத்தாமல் வாசியுங்கள். தென்னாசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை, ஆண்களுக்கு 90. உங்கள் உயரத்தில் பாதியைக் கணக்கிட்டாலும் 77.5 வருகிறது. உள்ளே ஈரலைச் சுற்றிப் படியும் கொழுப்புத்தான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அது கரைவதைத் தராசைவிட நாடா தெளிவாகக் காட்டும். ஒரு மாதமாகத் தராசு அசையவில்லை என்கிறீர்கள். அந்த மாதத்தில் நாடா இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருக்கவும் கூடும். அளக்காமல் விட்டதால் அது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சென்னையில் நடந்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். எங்களைப் போலவே சோறும் இட்டலியும் சாப்பிடும் மக்கள். உணவை மாற்றி நடக்கத் தொடங்கியவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவே இல்லை. ஆயினும் அவர்களுக்கு நீரிழிவு வருவது 28 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. தராசு அசையாத மாலைகளிலும் உங்கள் நடை வீணாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தராசு ஏன் நின்றது? 68 கிலோ உடம்புக்கு 74 கிலோ உடம்பைவிடக் குறைந்த எரிபொருளே போதும். முன்பு குறைவாக இருந்த சாப்பாடு இப்போது சரியான அளவாகிவிட்டது. அதோடு, நிறை குறைந்ததும் உடம்பு பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்குகிறது. பஞ்சத்தில் உயிரைக் காப்பாற்றிய குணம் அது, கோபிக்க முடியாது. மாதவிலக்குக்கு முந்திய நாட்களில், அல்லது முதல்நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால், உடம்பில் நீர் நின்று ஒரு கிலோ கூடுதலாகவும் காட்டும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், தேநீருக்கு முன் நிறுங்கள். அது போதும்.

இரவுச் சாப்பாட்டை முற்றாக விடும் யோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நான்கு மாதத்தில் இருபது கிலோ என்றால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல். அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் பாதுகாப்பு. அந்த வேகத்தில் போனால் கொழுப்போடு தசையும் கரையும். பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்துக் கூடும். இரண்டு மூன்று மாதம் கழித்து, சரியாகக் கலியாண நேரத்தில், சீப்பில் முடி கொத்தாக வரும். நாற்பதுக்குப் பிறகு இழந்த தசையை மீட்பது எளிதில்லை. நிறை திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும்.

இரவில் சாப்பிடுங்கள், தட்டை மட்டும் மாற்றுங்கள். நீத்துப்பெட்டியிலிருந்து புட்டுச் சரிந்து விழும்போது அது எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. அதிலும் பாதி தேங்காய்ப்பூ. ஒரு சிறு கோப்பையால் அளந்து போட்டுக்கொள்ளுங்கள், அதே கோப்பையால் நாளையும் அளவுங்கள். தட்டின் பாதியை முருங்கையிலை வறையோ கத்தரிக்காயோ நிரப்பட்டும். அதோடு ஒரு துண்டு மீன், அல்லது ஒரு முட்டை. வெள்ளிக்கிழமையென்றால் பயறு, கடலை. தசையைக் காப்பது இவைதான். இடியப்பம் என்றால் எண்ணிச் சாப்பிட வசதி. சீனியை விட்டது மிக நல்ல காரியம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால், அது மட்டுமே 200 கலோரி. அதற்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடிக்கத் தொடங்கியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள், அதுவும் சீனியே. நடையோடு, வாரத்தில் இரண்டு நாள் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யுங்கள். முழங்கால் நொந்தால் நிறுத்துங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் விரதச் சாப்பாடும் பிரசாதமும் வந்து போகும். அந்த நாட்களில் நிறையைக் குறைக்க முனையாதீர்கள். ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். நிறைக்காக விரதம் பிடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. விரதம் முருகனுக்கு. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக உங்கள் அம்மா, டொக்டரிடம் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. சில மாத்திரைகள் சீனியைத் திடீரென்று கீழே இறக்கிவிடும்.

மாமியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எத்தனை இடப்பெயர்வைக் கண்டவர், எத்தனை பேரைப் பசியோடு பார்த்தவர் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு மெலிவு என்றால் வருத்தம், சதை என்றால் நல்ல காலம். "வாடிப்போனாய்" என்பது அவருடைய அன்பு. அதோடு வாதாடாதீர்கள். "மாமி, சீனி கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார், என்னோடு ஒழுங்கை முனை வரைக்கும் நடக்க வாருங்கள்" என்று ஒருநாள் கூப்பிட்டுப் பாருங்கள். வரவும் கூடும்.

கலியாணத்துக்குப் புதுப் பிளவுஸ் ஒன்றை இன்றைய அளவுக்கே தைக்கக் கொடுங்கள். பக்கங்களில் இரண்டு விரற்கடை துணியை உள்ளே மடித்துவிடச் சொல்லுங்கள், பிடிக்கவும் விரிக்கவும் உதவும்.

இந்த மாதத்துக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். வெறும் வயிற்றுச் சீனியைத் திரும்பவும் பாருங்கள், முடிந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் சேர்த்து. இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். இடுப்பை அளவுங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. வெறும் வயிற்றுச் சீனி 114 இலிருந்து 100க்குக் கீழே வந்திருந்தால், 68.5 கிலோவே உங்கள் உடம்புக்குப் பெரும் நன்மை செய்துவிட்டது என்று பொருள். வராவிட்டாலும் மனம் உடைய வேண்டாம், 66இல் திரும்பவும் பார்ப்போம். அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த கடிதத்தில் நிறையை எழுத மறந்தாலும் பரவாயில்லை.