பழைய பைக்கை வீட்டில் பிரித்துக் கட்டுதல்: கேள்வி பதில்

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்து, தன் விருப்பப்படி உருமாற்றிக் கட்டுகிறவர்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வண்டியை முதலில் கம்பெனி கொடுத்த வடிவத்திலேயே ஓட வையுங்கள், பிரேக் பிடிக்க வையுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். உருமாற்றம் அதற்குப் பிறகு.

கேள்வி: பல வருடம் மூலையில் நின்ற வண்டி. கிக்கர் அசையவே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள். உள்ளே இருக்கும் கிக்கர் பல்சக்கரம்தான் உடையும். பிளக்கைக் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான ஏ.டி.எஃப். ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பிளக் துளை வழியாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் போதும், மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். இளகிவிட்டது என்பதற்காக அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிஸ்டன் நின்ற இடத்தில் சிலிண்டரின் உள்சுவரில் துரு வளையம் இருக்கும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

பிரிப்பதற்கு முன் போட்டோ. ஒவ்வொரு வயருக்கும் ஒரு சீட்டு. எஞ்சின் கவர் ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. குட்டைத் துளையில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் அலுமினிய கேஸ் பிளந்துவிடும்.

கேள்வி: ஜப்பான் வண்டி. கவர் ஸ்க்ரூக்களின் தலையெல்லாம் வழுக்கிப் போகிறது.

பதில்: அவை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ இல்லை, ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பான் தர அளவு வகை. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, முறுக்கினால் மேலேறி வந்து தலையைச் சிதைக்கும். ஜே.ஐ.எஸ். முனையும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகள் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை உருட்டிவிடாதீர்கள்.

கேள்வி: டேங்க் உள்ளே செதில் செதிலாகத் துரு. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: வலுவான ஆசிட் துருவோடு நிற்காது, மறந்துவிட்டால் நல்ல தகட்டையும் தின்னும். எனக்குப் பிடித்தது மின்முறை. பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடைத்து, டேங்கை நன்றாகக் கழுவி, சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்புங்கள். சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை, டேங்கில் எங்கும் படாதபடி மூடித் துளை வழியாகத் தொங்க விடுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவை அந்த இரும்புக் கம்பிக்கும், நெகட்டிவை டேங்குக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் டேங்கைத்தான் அரிக்கும். எவர்சில்வர் கம்பி கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். குமிழ் குமிழாக வருவதில் ஹைட்ரஜன் உண்டு, அதனால் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொடுங்கள்.

முடிந்ததும் கழுவி, சூடான காற்றால் உடனே உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றுங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலும் புதுத் துரு மஞ்சளாகப் படரத் தொடங்கும்.

கேள்வி: அதே டேங்கில் ஒரு துளை. காலிதானே, வெல்டிங் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காலி டேங்கில்தான் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கக் காத்திருக்கும். டேங்க் வேலையே செய்கிறவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ஒற்றை சீட் கஃபே ரேசர், அதாவது பழைய பந்தய வண்டி பாணியில் உருமாற்றிய வண்டி கட்டுகிறேன். சேசிஸின் பின்பகுதியை எங்கே வெட்டுவது?

பதில்: வண்டி ஓடுகிறதா? இல்லையென்றால் இப்போது வெட்டாதீர்கள். ஓடுகிறது என்றால், பின் ஷாக் அப்சார்பர் மேலே மாட்டும் இடத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் சீட்டையும் மட்கார்டையும் தாங்குவதற்கு மட்டும்தான். அதை வெட்டி ஒரு வளையத்தால் இணைக்கலாம். ஷாக் மாட்டும் இடத்தையும் அதற்கு முன்னால் இருக்கும் எந்தக் குழாயையும் தொடக்கூடாது.

அதே நண்பர்: இது மியூசியத்துக்காரர்களின் பேச்சு, சார். கஃபே ரேசர் என்பதே வெட்டி ஒட்டிப் பிறந்ததுதான். ட்ரைட்டன் கட்டியவர்கள் யாரைக் கேட்டார்கள்?

பதில்: ட்ரைட்டனைச் சொன்னது நல்லதாயிற்று. 1950இல் நார்ட்டனின் பந்தய வண்டியில் ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் சேசிஸ் வந்தது. வளைவுகளில் அது நிற்கிற மாதிரி அந்தக் காலத்தில் வேறெதுவும் நிற்கவில்லை. டிரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் எஞ்சினோ எளிதில் வேகம் கூட்டக்கூடியது. எஞ்சினை அங்கிருந்தும் சேசிஸை இங்கிருந்தும் எடுத்து, நடுவே எஞ்சின் பிளேட்டுகளைப் புதிதாக அறுத்துச் செய்து பொருத்தினார்கள். டிரையம்ஃபும் நார்ட்டனும் சேர்ந்ததுதான் ட்ரைட்டன். அந்த சேசிஸ் வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடும். அதன் வடிவக் கணக்கை அவர்கள் மதித்தார்கள்.

இன்னொரு நண்பர்: அப்படியானால் பாப்பர், சாப்பர்? அவர்கள் சேசிஸை வெட்டவில்லையா?

பதில்: பாப்பர் என்ற பெயர் மட்கார்டை நறுக்கியதால் வந்தது. எடையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். சாப்பரில் சேசிஸின் தலைப்பகுதியையே வெட்டிச் சாய்த்தார்கள், உண்மை. ஆனால் அங்கே என்ன மாறுகிறது என்று பாருங்கள். ஹேண்டில் திரும்பும் அச்சை நேராகத் தரை வரை நீட்டினால் அது ஓர் இடத்தில் தொடும். முன் டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். வண்டி தானாக நேரே போவது இதனால்தான். அதிகமானால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கனத்து ஒரு பக்கம் சாயும். குறைந்தால் வேகத்தில் படபடக்கும்.

சேசிஸை வெட்டாமலேயே இதைக் கெடுக்கலாம். பின்னால் உயரமான ஷாக் போட்டாலோ, முன் ஃபோர்க்கை மேலே தள்ளி முன்பக்கத்தைத் தாழ்த்தினாலோ டிரெயில் குறையும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டு, வண்டி ஆடுகிறது என்று வருகிறவர்கள் நிறைய. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்றுங்கள். மாற்றாமல் ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் என்ன மாறியது என்று தெரியும். ஓட வைத்துவிட்டு வெட்டுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: ஏர் பாக்ஸை, அதாவது ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு கோன் ஃபில்டர் போட்டேன். நடு வேகத்தில் திணறுகிறது.

பதில்: உங்கள் கார்புரேட்டர் வேக்குவம் வகையாக இருக்கும். அதில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடை மேலே தூக்குவது கேபிள் இல்லை, காற்றழுத்த வித்தியாசம். ஏர் பாக்ஸ் அந்தக் காற்றை அமைதிப்படுத்தித் தருகிறது. அதை எடுத்தால் ஸ்லைடு தடுமாறும். ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டுவதுதான் நேர்வழி. முடியாது என்றால், கேபிள் நேராக இழுக்கும் ஸ்லைடு வகைக் கார்புரேட்டருக்கு மாறி, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை முதலிலிருந்து சரிசெய்யுங்கள். ஆக்சிலேட்டர் கால் பங்கு வரை பைலட் ஜெட், கால் முதல் முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கட்டத்தில் திணறுகிறதோ அதை மட்டும் தொடுங்கள். பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

கேள்வி: கோன் ஃபில்டர் போட்டபின் பிக்கப் இல்லை. எந்த மெயின் ஜெட்?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணை மட்டும் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டி. வெள்ளைப் புகை நிற்கவில்லை, கியர் ஆயிலும் குறைகிறது.

பதில்: கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது. மேக்னெட் பக்கத்து சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். அது போனால் புகை வராது, வெறும் காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சத்தமில்லாமல் கெடுப்பது அதுதான்.

கேள்வி: கோன் ஃபில்டருக்கு...

பதில்: ஏர் பாக்ஸை மாட்டுங்கள். இதற்கு மேல் கோன் ஃபில்டர் கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி: பழைய வயரிங்கைத் தூக்கிவிட்டுப் புதிதாக இழுக்கலாமா?

பதில்: தாராளமாக. மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள். சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் செய்தவர்கள் எர்த் பிடிக்கும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டியாக வேண்டும். எல்.இ.டி. இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால் ரிலேவை மாற்றுங்கள்.

கேள்வி: என்ன கலர் அடிக்கலாம்?

பதில்: உங்கள் வண்டி, உங்கள் விருப்பம். ஆனால் பெயின்டருக்கு முன்னால் பிரேக்கைத் திறந்து பாருங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சேசிஸ் நண்பர் மறுபடியும்: உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார். போன வாரமே வெட்டிவிட்டேன். ஷாக் மாட்டும் இடத்துக்கு இரண்டு விரல் முன்னால்.

பதில்: சொன்னது நல்லது, வருத்தப்பட்டு நிற்க வேண்டாம். வெட்டிய துண்டைத் தூக்கி எறியவில்லையே? குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் இன்னொரு குழாய்த்துண்டை உள்ளே வைத்து, இருபுறமும் வெளிக்குழாயில் துளையிட்டு அதன் வழியாகவும், வெட்டு நெடுகவும் வெல்டிங் வைக்க வேண்டும். பழகிய வெல்டரிடம் கொடுங்கள். அழகுக்காக வெல்டிங்கைத் தேய்த்து மட்டமாக்கச் சொல்லாதீர்கள், பலம் குறையும். வெல்டிங்குக்கு முன் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவிக் காய வையுங்கள்.

இணைத்த பிறகு ஷாக் மாட்டும் இரண்டு இடங்களுக்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அச்சிலிருந்து உள்ள தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பிறகு பின் டயரைச் சுற்றி இருபுறமும் நூலை முன் சக்கரம் வரை இழுத்துக் கட்டி, முன் டயர் இரண்டு நூலுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு அளவையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம்.