வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் கொலையாகுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. நுரையீரலில் வந்த புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. மூச்சுத் திணறினாலும் வென்டிலேட்டர் வைக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று தெளிவான நினைவோடு சொல்கிறார். அப்படி விட்டால் அது கருணைக்கொலை, ஐந்தாம் கட்டளைக்கு விரோதம் என்கிறார் அண்ணன். மார்ஃபின் கொடுக்கவும் பயப்படுகிறார். திருச்சபை என்ன சொல்கிறது, ஃபாதர்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, உங்கள் அப்பா கேட்பது கருணைக்கொலை அன்று. துன்பத்தை ஒழிப்பதற்காக ஒருவருக்குச் சாவை வருவிக்கும் நோக்கத்தோடு எதைச் செய்தாலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் அதுவே கருணைக்கொலை என்று திருச்சபையின் போதனையைக் கவனிக்கும் வத்திக்கான் அலுவலகமான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980-இல் வரையறுத்தது. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் தம் சுற்றுமடலில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அதே 1980 அறிக்கை, சாவு நெருங்கிவிட்ட நிலையில், வேதனையை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சையை மனச்சான்றோடு மறுக்கலாம் என்றும் சொல்கிறது. நோயாளிக்குத் தரும் பயனைவிடச் சுமையே மிகுதியாக இருக்கும் சிகிச்சையை ஏற்கும் கடமை எவருக்கும் இல்லை என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. மயக்க மருத்துவர்களிடம் 1957-இல் பேசிய பன்னிரண்டாம் பத்திநாதர் செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றியே இதை விளக்கினார். இரண்டாம் யோவான் பவுலும் 2005-இல் தம் இறுதி நாள்களில் மருத்துவமனைக்குத் திரும்பாமல் வத்திக்கானில் தம் அறையிலேயே ஏப்ரல் 2 அன்று இறந்தார்.

மார்ஃபின் பற்றிய அச்சம் நம் குடும்பங்களில் பரவலாக உண்டு. அதனால் எத்தனையோ பெரியவர்கள் தேவையின்றி வலியில் துடிக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வலியைத் தணிப்பதே நோக்கமாக, தேவையான அளவில் கொடுக்கப்படும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் அது பாவமன்று என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதே 1957-இல் தெளிவுபடுத்தினார். மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பதற்கு அண்ணன் தயங்க வேண்டாம்.

நிறுத்தக் கூடாதவையும் உண்டு. உடல் ஏற்கும்வரை உணவும் நீரும் தர வேண்டும். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, உடலைத் துடைப்பது, அருகில் இருப்பது ஆகியவை சிகிச்சையின் கணக்கில் சேராத கடமைகள். நினைவு தெளிவாக இருக்கும்போதே பங்குத்தந்தையை அழைத்து நோயில்பூசுதலும் நற்கருணையும் பெறச் செய்யுங்கள். கடைசி மூச்சு வரை அதைத் தள்ளிப்போடும் பழக்கம் சரியன்று. சட்டத்தைப் பற்றியும் அண்ணன் கவலைப்படலாம். குணமாக வழியில்லாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றமே.

கேள்வி: என் மருமகளுக்குக் கரு குழாயில் தங்கி வெடிக்கும் நிலைக்கு வந்ததால், குழாயையே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். இதுவும் கருக்கலைப்புதான் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா?
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: தேவையில்லை, அம்மா. கருவை அழிப்பதையே நோக்கமாகவோ வழியாகவோ கொள்ளும் செயலைத்தான் திருச்சபை தொடக்க நூற்றாண்டிலிருந்து கண்டித்து வருகிறது. சிதைந்துகொண்டிருந்த உறுப்பை அகற்றித் தாயைக் காக்கும்போது, யாரும் விரும்பாத விளைவாகக் குழந்தை இறப்பது வேறு. கத்தோலிக்க அறநெறி ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்த அறுவைச் சிகிச்சையை ஏற்கின்றனர். அந்த உறவினர்களிடம் இதை நீங்களே நேரில் எடுத்துச் சொல்லுங்கள், ஏனெனில் குழந்தையை இழந்த பெண்ணின் காதில் இப்படிப்பட்ட பேச்சு மீண்டும் விழக் கூடாது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. மருமகள் விரும்பினால் அக்குழந்தையை நினைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி உங்கள் பங்குத்தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள்.