வீட்டு லேப்டாப்பில் ஆபீஸ் மென்பொருள்: டொமைன் கேட்டு நின்றுவிட்டால்

கேள்வி: அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அங்கே மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் ஏஎக்ஸ் 2012 பயன்படுத்துகிறோம். இது ஈஆர்பி வகை, அதாவது கணக்கு, ஸ்டோர், சம்பளம் என்று கம்பெனி வேலை முழுவதையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள். அடுத்து ஈஆர்பி ஆலோசகர் வேலைக்குப் போக ஆசை. வீட்டில் பழகிக்கொள்ளலாம் என்று கம்பெனியின் அனுமதியோடு மென்பொருளை வாங்கிவந்து என் சொந்த லேப்டாப்பில் நிறுவினேன். கணினி டொமைனில் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 12,000 ரூபாய்க்கு எல்லாம் ஏற்றிய ஹார்ட் டிஸ்க் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? வேறு வழி உண்டா? — கொரட்டூர் வாசகி

பதில்: வாங்காதீர்கள். அந்த 12,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், சட்டப்படியே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே செய்துகொள்ளலாம். லேப்டாப்பில் 16 ஜிபி ரேமும், நூறு ஜிபிக்கு மேல் காலி இடம் உள்ள எஸ்எஸ்டியும் இருந்தால் போதும். ரேம் 8 ஜிபிதான் என்றால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கணினி பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் மாடலில் ரேம் போட ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள்.

முதலில் ஏன் நின்றது என்று சொல்கிறேன். உங்கள் லேப்டாப்பில் நீங்கள் பாஸ்வேர்டு போட்டு நுழைவது வீட்டுப் பூட்டு மாதிரி. சாவி உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனியில் அப்படி இல்லை. வாசல் செக்யூரிட்டியிடம் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். யார் உள்ளே வரலாம், யார் ஸ்டோர் வரை போகலாம், யார் சம்பளப் பிரிவுக்குள் போகலாம், எல்லாம் அந்த ஒரே ரிஜிஸ்டரில். கணினி உலகில் அந்த ரிஜிஸ்டருக்கு ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். அதை வைத்திருக்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர். அந்த ரிஜிஸ்டருக்குக் கட்டுப்பட்ட எல்லை முழுவதும் டொமைன். ஏஎக்ஸ் உங்களிடம் தனியாகப் பாஸ்வேர்டு கேட்காது. செக்யூரிட்டியிடம் விசாரிக்கும். உங்கள் வீட்டில் செக்யூரிட்டியே கிடையாது. அதனால் நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட மென்பொருள்களில் இதை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் சொல்ல மாட்டார்கள். தேவைப் பட்டியல் என்று ஒரு நீண்ட ஆவணத்தின் நடுவில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் நிறுவிவிட்டு, தன் மேல்தான் ஏதோ தப்பு என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். தப்பு உங்கள் மேல் இல்லை.

'டொமைன்' என்ற சொல்லே பலரைக் குழப்பிவிடுகிறது. கிண்டியில் சின்னதாகத் தொழில் செய்யும் ஒருவர், மென்பொருள் டொமைன் கேட்கிறது என்றதும் இணையதளப் பெயர் விற்பவரிடம் போயிருக்கிறார். அவரும் விசாரிக்காமல் மூன்று வருடத்துக்கு ஒரு பெயரைப் பதிவு செய்து பணம் வாங்கிவிட்டார். அது வேறு, இது வேறு. அதேபோல விண்டோஸ் அமைப்புகளில் 'வேலை அல்லது பள்ளிக் கணக்கைச் சேர்' என்று ஒன்று வரும். அதில் ஆபீஸ் மின்னஞ்சலைச் சேர்த்தாலும் லேப்டாப் இந்த டொமைனில் சேர்ந்ததாக ஆகாது.

விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது. ப்ரோ பதிப்பு வேண்டும். உடனே 500 ரூபாய்க்கு ப்ரோ கீ தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவரையும் திருப்பி அனுப்புங்கள். நான் சொல்லும் வழியில் உங்கள் லேப்டாப்பை டொமைனில் சேர்க்கவே போவதில்லை. ஹோம் பதிப்பே போதும்.

வழி இதுதான். லேப்டாப்புக்குள் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை, அதாவது மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸ் சர்வரைப் போட்டு, அதையே டொமைன் கன்ட்ரோலர் ஆக்கி, அதற்குள்ளேயே டேட்டாபேஸையும் ஏஎக்ஸையும் நிறுவுவது. ஒரே பெட்டிக்குள் செக்யூரிட்டி, ஸ்டோர், ஆபீஸ் எல்லாம். கம்பெனிக்கு இப்படி அமைத்தால் திட்டுவேன். பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மைக்ரோசாஃப்டே ஏஎக்ஸ் 2012-க்கான விளக்க மாதிரியை 'காண்டோசோ' என்ற கற்பனைக் கம்பெனியின் டொமைனோடு ஒரே விர்ச்சுவல் மெஷினாகத்தான் கொடுத்தது. உங்கள் கம்பெனிக்கு ஏஎக்ஸ் போட்டுக்கொடுத்தவர்களிடம் அந்த மாதிரி இன்னும் இருக்கிறதா என்று ஐடி பிரிவு மூலமாகக் கேட்டுப்பாருங்கள். கிடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

விர்ச்சுவல் மெஷினை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம், ஹோம் பதிப்பிலும் ஓடும். ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே சோதனைப் பதிப்பாக இறக்கிக்கொள்ளலாம். 180 நாள் ஓடும். எந்த வருடத்துப் பதிப்பு என்பதை மட்டும் ஏஎக்ஸின் தேவைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், புதிதாக இருக்கிறதே என்று எதையாவது எடுத்துப் போடாதீர்கள். டேட்டாபேஸுக்கான மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர். அதன் டெவலப்பர் பதிப்பு 2016-லிருந்து இலவசம். பழகவும் சோதிக்கவும்தான், நிஜக் கணக்கு எழுதக் கூடாது. இதற்கும் அதே பட்டியலைப் பாருங்கள்.

விர்ச்சுவல் மெஷின் எழவே மறுத்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்குங்கள். கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அது 'டிசேபிள்ட்' என்று காட்டினால் லேப்டாப்பின் பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையில், அந்த ஒரு வசதியை இயக்கினால் முடிந்தது. இந்த ஒரு சொடுக்குக்கு மதர்போர்டு பழுது என்று சொல்லிப் பணம் கறப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரிசை மிக முக்கியம், இதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். சர்வரைப் போட்டதும் முதலில் கணினிக்குப் பெயர் வையுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள். அடுத்து மாறாத ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண்) ஒன்றைக் கொடுத்து, டிஎன்எஸ் இடத்தில் அதே முகவரியைப் போடுங்கள். கணினிப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்வதுதான் டிஎன்எஸ். பெயர் கேட்டால் தன்னிடமே கேட்க வேண்டும், வீட்டு வைஃபை ரவுட்டரிடம் போகக் கூடாது. பிறகு டொமைன் கன்ட்ரோலர் ஆக்குங்கள். டொமைனுக்குக் கம்பெனியின் நிஜப் பெயரை வைக்க வேண்டாம். நாளைக்கு அந்த மெஷினிலிருந்தே ஆபீஸ் விபிஎன்னில் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) இணைந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பெயரின் கடைசியில் 'டெஸ்ட்' என்று வையுங்கள். இணையத்தில் அந்த ஒட்டு சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டது, யாரும் வாங்க முடியாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் எஸ்க்யூஎல் சர்வர். முதலில் எஸ்க்யூஎல்லைப் போட்டுவிட்டு அதே கணினியை டொமைன் கன்ட்ரோலர் ஆக்கப் போனால் எஸ்க்யூஎல்லைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஏஎக்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசி.

இரண்டு விர்ச்சுவல் மெஷின், ஒன்றில் டொமைன், ஒன்றில் ஈஆர்பி என்று பிரித்து வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டாம். அப்படி வைத்திருந்த ஒரு பையன், நேற்று வரை ஓடியது, இன்றைக்கு உள்ளே விட மறுக்கிறது என்று என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவியிருந்தான். திரையின் வலது மூலையைப் பார்த்தேன். ஒரு மெஷினில் காலை 10.15, இன்னொன்றில் முந்தின இரவு 11.40. இரவு லேப்டாப்பை அப்படியே மூடி வைத்திருக்கிறான். காலையில் ஒன்று நேரத்தைச் சரிசெய்துகொண்டது, மற்றது நின்ற இடத்திலிருந்தே எண்ண ஆரம்பித்துவிட்டது. டொமைனில் இரண்டு கணினிகளுக்கு இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடையாளச் சோதனையில் தள்ளிவிடும். கடிகாரத்தைத் திருத்தினேன், திறந்துகொண்டது. பாவம், நான்கு நாள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரே மெஷினாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது. லேப்டாப்பை மூடும் முன் விர்ச்சுவல் மெஷினை ஒழுங்காக அணைத்துவிடுங்கள்.

கம்பெனி டேட்டாபேஸின் நகல் கொடுத்தாலும் கொடுப்பார்கள். அதை ஏற்றினால், உங்கள் பெயர் அதில் இருந்தும் உங்களை உள்ளே விடாது. ரேஷன் கடையில் பெயரைச் சொன்னால் அரிசி போடுவார்களா? கார்டில் இருக்கும் எண்தான் கணக்கு. இங்கேயும் ஒவ்வொரு பயனருக்கும் டொமைன் ஓர் எண்ணைத் தருகிறது. எஸ்ஐடி என்பார்கள். கம்பெனி டொமைன் கொடுத்த எண் வேறு, உங்கள் வீட்டு டொமைன் கொடுத்த எண் வேறு. ஏஎக்ஸின் பயனர் பட்டியலில் அட்மின் வரியில் எஸ்ஐடி, டொமைன் பெயர், பயனர் பெயர் மூன்றையும் உங்கள் வீட்டுக்குரியதாக மாற்றினால் திறக்கும். ஐடி பிரிவில் உள்ளவர்களுக்கு ஐந்து நிமிட வேலை, அவர்களிடமே கேளுங்கள். ஆனால் நிஜ டேட்டாவை வீட்டுக்குக் கொண்டுவராமல் மாதிரி டேட்டாவில் பழகுவதே நல்லது என்பேன். மற்றவர்களின் சம்பள விவரம் உங்கள் லேப்டாப்பில் எதற்கு?

அந்த ஹார்ட் டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். அப்படி விற்ற ஒன்றை வாங்கி ஏமாந்தவர் கொண்டுவர, நானே திறந்து பார்த்திருக்கிறேன். சப்ளையர் பட்டியலில் நிஜக் கம்பெனிகளின் பெயர், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண் வரை அப்படியே இருந்தது. வேலை பார்த்த இடத்திலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு வந்தது. விண்டோஸுக்குத் திருட்டு ஆக்டிவேட்டர், வைரஸ் தடுப்பை நிறுத்தி வையுங்கள் என்று ஒரு குறிப்பு. அதைவிட மோசம், வெளியிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்று தானாக ஆரம்பிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. விற்றவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். நீங்கள் அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங் செய்வீர்கள். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்றவர் போனை அணைத்துவிடுவார், டிஸ்க் உங்கள் மேஜையில் இருக்கும். சில பயிற்சி மையங்களும் இதையே 'லேப் வசதி' என்று கட்டணத்தில் சேர்த்துக் கொடுக்கின்றன. சர்வர் லைசென்ஸ் யார் பெயரில் என்று அங்கே வாய்விட்டுக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் லேப்டாப்பையே பூட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்களுடையது கம்பெனி கொடுத்த லேப்டாப், ஏற்கெனவே டொமைனில் இருக்கிறது என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். வீட்டில் நெட்வொர்க் இல்லாமலும் அதே ஆபீஸ் பாஸ்வேர்டில் நுழைய முடியும். கடைசியாக நுழைந்த 10 பயனர்களின் அடையாளத்தை விண்டோஸ் வழக்கமாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அது விண்டோஸுக்குள் நுழைய மட்டும்தான். ஈஆர்பிக்கு நிஜ செக்யூரிட்டி வேண்டும், விபிஎன் வழியாகப் போங்கள். விபிஎன் வேலை செய்யவில்லை என்ற கோபத்தில் டொமைனிலிருந்து விலக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்கலாம் என்று தயவுசெய்து முயல வேண்டாம். விலக்கியதும் ஆபீஸ் பாஸ்வேர்டு செல்லாது. அந்த லேப்டாப்புக்கே உரிய நிர்வாகி (லோக்கல் அட்மின்) பாஸ்வேர்டு உங்களிடம் இருக்காது. திரும்பச் சேர்க்கும் உரிமையும் இருக்காது. லேப்டாப் பூட்டியபடி உட்கார்ந்திருக்கும். இன்னொரு பயமும் உண்டு: 30 நாள் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வராவிட்டால் டொமைனிலிருந்து தானே விழுந்துவிடும் என்பது. லேப்டாப்புக்கும் டொமைனுக்கும் இடையே தனியாக ஒரு ரகசியப் பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒரு முறை அதை மாற்றிக்கொள்வது லேப்டாப்தான், சர்வர் யாரையும் துரத்துவதில்லை. மகப்பேறு விடுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து வந்தவரின் லேப்டாப் முதல் நாளே இணைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஐடி பிரிவு ஒரு சோதனை சர்வரில் உங்களுக்கு ஒரு பயனர் பெயரைத் திறந்துவிட்டிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று வரும் ஊழியருக்கு அந்தச் சின்ன உதவியைக்கூடச் செய்யாமல், அதற்குப் பத்து ஒப்புதல் கேட்கிறார்கள். இந்த ஊரில் எத்தனை கம்பெனிகளில் இதே கதை! ஒரு முறை மின்னஞ்சலில் எழுத்துமூலமாகக் கேட்டுவையுங்கள்.

இன்னொன்று. ஏஎக்ஸ் 2012-இன் கடைசிப் பதிப்பான ஆர்3-க்கான ஆதரவு 2023 ஜனவரி 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் இருப்பது கிளவுடில் ஓடும் டைனமிக்ஸ் 365. பழையதிலிருந்து அதற்கு மாறும் கம்பெனிகளுக்குப் பழையதும் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் நீங்கள் பழகுவது வீண் போகாது. கூடவே புதியதையும் பார்த்து வையுங்கள்.

எல்லாம் நிறுவி, ஏஎக்ஸ் முதல் முறை திறந்ததும் வேறெதையும் தொடாதீர்கள். விர்ச்சுவல் மெஷினை அணைத்து, அதன் ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள். பழகும்போது எதையாவது கெடுத்துவிட்டால் அந்த நகலைத் திரும்பப் போட்டு, அரை மணி நேரத்தில் பழையபடி உட்காரலாம். 180 நாள் கெடு எப்போது முடிகிறது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு சர்வர் மணிக்கு ஒரு முறை தானாக அணைந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே புது மெஷின் ஒன்றை இதே வரிசையில் போட்டுவிடுங்கள். இரண்டாம் முறை அரை நாள்கூட ஆகாது.