பி.டி. டீச்சர் பதில்கள்: பத்து வயதில் ஐந்து கிலோமீட்டர்

நீலகிரி மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்லும் பகுதி. ஓடுகிற பிள்ளைகளைப் பற்றி வந்த கடிதங்களே இந்த இதழில்.

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். நான் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. போன மாதம் குன்னூரில் நடந்த ஓட்டத்தில் ஐந்து கிலோமீட்டரை 22 நிமிடத்தில் ஓடினாள். காலேஜ் பெண்கள்கூட அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள். அதைப் பார்த்த ஒருவர், தானே பயிற்சி தருவதாகவும் அடுத்த வருடம் 21 கிலோமீட்டர் ஓட வைத்துப் பேப்பரில் வர வைப்பதாகவும் சொல்கிறார். தினமும் விடியற்காலை நாலரைக்கே ரோட்டில் ஓட வேண்டுமாம். அவள் அப்பாவுக்கு ஆசை, எனக்குப் பயம். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: முதலில் பாப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பத்து வயதில், அதுவும் குன்னூர் ஏற்ற இறக்கத்தில், 22 நிமிடம் என்பது லேசான காரியம் இல்லை. அவள் கால்களில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: அந்த ஆளிடம் அனுப்பாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்காரரிடம் பேச வசதியாக இருக்கும். உடல் எடைக்கு எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துப் பயன்படுத்த முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் நன்றாக ஓடும் பத்து வயதுப் பிள்ளை, பயிற்சி இல்லாத பெரியவர்களைத் தாண்டிவிடும். முப்பது கிலோகூட இல்லாத உடம்பைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சக்திச் செலவும் குறைவு. களைப்பும் சீக்கிரம் போய்விடும். ஓடி முடித்த பத்தாவது நிமிடம் பாண்டி ஆடுவார்கள். ஆக, அவள் இதயமும் நுரையீரலும் தயார். தயாராகாதது எலும்பு. கை கால் எலும்புகளின் முனையில் வளர்ச்சி நடக்கிற குருத்துப் பகுதி பெண் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது வரைக்கும், ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் ஓரிரு வருடமும் மூடாமல் இருக்கும். வளரும் எலும்பிலேயே அடி தாங்காத இடம் அதுதான். ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன் வழியாகத்தான் போகிறது.

ஒடிசாவின் புதியா சிங்கை உங்கள் வீட்டுக்காரருக்கு நினைவிருக்கலாம். 2006 மே மாதம், நான்கு வயதில், பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் ஓடிய பையன். கடைசியில் தள்ளாடி விழப் போனவனைப் பிடித்துத் தூக்கினார்கள். நாடு முழுக்கப் பேச்சு. அரசு தலையிட்டு அவன் நீண்ட தூரம் ஓடத் தடை போட்டது. பயிற்சியாளர் 2008-இல் கொலை செய்யப்பட்டார். பையன் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான். அந்த நாலு வயதுச் செய்திக்குப் பிறகு பெரிய ஓட்டப் போட்டி எதிலும் அவன் பெயர் பதக்கப் பட்டியலில் வரவில்லை. குற்றம் அவனுடையது இல்லை. எவ்வளவு தூரம் ஓடுவது என்று முடிவெடுக்கும் வயதா அது?

மறுபக்கத்தையும் சொல்கிறேன். அமெரிக்காவில் ட்வின் சிட்டீஸ் மராத்தானில் 1982 முதல் 2007 வரை 7 வயதிலிருந்து 17 வயது வரையிலான 310 பிள்ளைகள் முழு மராத்தானை, அதாவது 42 கிலோமீட்டரை, ஓடி முடித்திருக்கிறார்கள். மருத்துவக் கூடாரத்துக்குப் போனவர்கள் நான்கே பேர், அதுவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு நாள் ஓடினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். என் கவலை அந்த ஒரு நாள் இல்லை. அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்கப் போடும் கிலோமீட்டர்கள், அதற்குப் பிறகு "இன்னும், இன்னும்" என்று கேட்கும் பெரியவர்கள், பதினான்கு வயதில் ஷூவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பும் பிள்ளை. அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரிய ஓட்டக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். மராத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடி என்று 2003-இல் உலக சாதனை செய்த இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப், பன்னிரண்டு வயதில் முதன்முதலாக ஓடிய தேசிய கிராஸ் கன்ட்ரியில் (மேடு பள்ளமான நிலத்தில் ஓடும் போட்டி) 299-ஆவது இடம். கென்யாவின் எலியுட் கிப்சோகே பதினெட்டு வயதிலேயே 5,000 மீட்டரில் உலக சாம்பியன்; ஆனாலும் முதல் மராத்தானை ஓடியது 2013-இல், 28 வயதில். 2022-இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடி ஓடியபோது அவருக்கு 37. சிறு வயதில் வேகமாக இருப்பது தப்பில்லை, அவரும் இருந்தார். தூரத்தைக் கூட்டத்தான் அவர் அவசரப்படவில்லை.

இன்னொரு விஷயம் உங்கள் வீட்டுக்காரரை யோசிக்க வைக்கும். நம் பள்ளி விளையாட்டில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு மிக நீண்ட ஓட்டமே 600 மீட்டர்தான். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எல்லாம் அதுதான். விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போனாலும் அந்த வயதில் யாரும் 21 கிலோமீட்டரைக் கேட்கப் போவதில்லை. பெரிய நகரத்து மராத்தான்களில் முழு தூரத்துக்கு 18 வயது ஆகாமல் சேர்க்கவே மாட்டார்கள். அப்படியிருக்க அந்த 21 கிலோமீட்டர் யாருக்காக? பாப்பாவுக்காக இல்லை.

என்ன செய்யலாம்? வாரம் மூன்று நாள் பள்ளி மைதானத்தில் ஓடட்டும். ஒரு நாள் 60 மீட்டர், 80 மீட்டர் என்று வேகமாக. ஒரு நாள் பத்துப் பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஒரு நாள் 600. மற்ற நாட்களில் கோ கோ, கபடி, நீளம் தாண்டுதல், ஸ்கிப்பிங், எது கிடைக்கிறதோ அது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் ஓட்டப் பயிற்சியே வேண்டாம், நம் ஊர் மழைக்காலமே அதைப் பார்த்துக்கொள்ளும். அவளாக ஆசைப்பட்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் தடுக்காதீர்கள்.

மாதம் ஒரு முறை கதவு நிலையில் நிற்க வைத்து உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். செருப்பில்லாமல், குதிகால் நிலையில் ஒட்டி, தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சாய்க்காமல் வைத்து. கோடுகளுக்கு நடுவே இடைவெளி திடீரென்று பெரிதாகிறதென்றால் அவள் வேகமாக வளர்கிறாள். அதிலிருந்து ஆறு மாதம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். முழங்கால், குதிகால் வலி எல்லாம் அப்போதுதான் வரும்.

விடியற்காலை நாலரை மணி ஓட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? கோத்தகிரி எஸ்டேட் ரோட்டில் அந்நேரம் கரடியும் காட்டெருமையும் நிற்பது கொழுந்து பறிக்கப் போகும் உங்களுக்குத் தெரியாததா? அதைத் தெரியாதவரோ, தெரிந்தும் பத்து வயதுப் பிள்ளையை அங்கே ஓடச் சொல்பவரோ பயிற்சியாளராக இருக்கத் தகுதியில்லாதவர்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. போன வருடம் மாவட்டத்தில் 600 மீட்டரில் முதலிடம். இந்த வருடம் ஏழாவது. பயிற்சி ஒரு நாளும் விடவில்லை. உடம்பு போட்டுவிட்டது, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள் என்கிறார் அவளுக்குப் பயிற்சி தருபவர். சோம்பேறி ஆகிவிட்டாளா?
(ஒரு தாய், குன்னூர்)

பதில்: இல்லை. பெரிய மனுஷி ஆகிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

வயதுக்கு வரும் காலத்தில் பெண் பிள்ளைக்கு இடுப்பு அகலும், கொழுப்பு கூடும், உயரம் மாறும். ஓடும் முறையே புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட, நேரம் முன்னேறாது, பின்னேயும் போகும். அதற்குப் பிறகு உடம்பு நிலைக்கு வந்து தசை கூடும்போது பழைய நேரத்தைத் தாண்டிப் போவார்கள். ஆனால் அதுவரை மைதானத்தில் இருக்க வேண்டுமே! பெரும்பாலான பெண் பிள்ளைகளை நாம் இழப்பது இந்த இடத்தில்தான். ஏழாவது வந்த பிள்ளையிடம் யாரும் பேசுவதில்லை. முதலில் வந்தவளைச் சுற்றிக் கூட்டம். அந்த முதலில் வந்தவள் ஒருவேளை ஒரு வருடம் பின்னால் வயதுக்கு வரப்போகிறவளாக இருக்கலாம். என்னிடம் படித்த ஒரு பெண் ஆறாம் வகுப்பில் எல்லோரையும் ஜெயித்தாள். பத்தாம் வகுப்பில் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஐந்தாவது, ஆறாவது என்று வந்துகொண்டிருந்தவள் பிளஸ் டூவில் 3,000 மீட்டரில் மாநிலம் வரை போனாள். இன்று காவல்துறையில் இருக்கிறாள்.

சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னதை நான் மன்னிக்க மாட்டேன். அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். அந்த வயதில் அப்படி யாரும் ஓடவில்லை என்று கொண்டாடினார்கள். எடையைக் குறை, குறை என்று பயிற்சியில் நெருக்கியதில் மூன்று வருடம் மாதவிடாய் நின்று போனது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-இல் அவரே வெளியில் சொன்னார். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயைத்தான். அதோடு எலும்பு பலமும் போகும். ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் நல்ல பயிற்சிக்கு அடையாளம் என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் வரவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். காலின் முன்னெலும்பை மேலிருந்து கீழாகக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்: பரவலாக வலித்தால் ஓய்வு போதும், ஒரே புள்ளியில் "ஆ" என்று காலை இழுத்தால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டைக் கூட்டுங்கள். முட்டை, கருவாடு, ராகிக் களி, நிலக்கடலை, அவரை. இரத்தச் சோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் பாருங்கள். பள்ளியில் வாரம்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசாமல் போடச் சொல்லுங்கள். தேயிலை நாட்டில் இதைச் சொல்ல எனக்கே கஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன்: சாப்பாட்டோடு டீ வேண்டாம். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

கேள்வி: மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் பெரிதாமே? அப்படியானால் நம் ஊட்டிப் பிள்ளைகள் கென்யாக்காரர்களைப் போல வர வேண்டுமே, ஏன் வரவில்லை?
(கல்லூரி மாணவர், உதகை)

பதில்: கென்யாவின் ஓட்டக்காரர்கள் கூடும் இட்டென் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. பெரிய வித்தியாசம் இல்லை. நம் நாட்டின் நெடுந்தூர ஓட்டக்காரர்களே முகாமுக்கு இங்கே வந்து போகிறார்கள். உயரத்தில் வளர்வது உதவும், ஆனால் அது மட்டும் போதாது. அங்கே ஒரு பையன் விடியலில் வெளியே வந்தால் கூட ஓட ஐம்பது பேர் இருப்பார்கள், முன்னால் ஓடுகிறவர் உலக சாம்பியனாக இருப்பார். இங்கே நம் பிள்ளை பிளஸ் டூவோடு கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு இறங்கிவிடும். 2017-இல் புவனேஸ்வரில் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணன் புதுக்கோட்டைக்காரர்; சமவெளி ஊர். 18 வயதுக்கு மேல் ஓட ஒரு வேலையும் ஒரு மைதானமும் ஒரு வழிகாட்டியும் கிடைத்தால் நம் பிள்ளைகளும் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இங்கே குளிரில் ஓடிப் பழகிய பிள்ளையை சமவெளியில் ஏப்ரல் வெயிலில் ஓட விடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவு வியர்க்காது. வெயிலுக்குப் பழகாத உடம்பு சூட்டை வெளியேற்றத் தடுமாறும்.

கேள்வி: பையனுக்கு 12 வயது. ஓடி வந்தபின் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்கிறான். சுளுக்கு வழிக்கலாமா?
(கூடலூர்)

பதில்: வழிக்காதீர்கள். இந்த வயதில் குதிகால் எலும்பின் வளரும் பகுதியைக் கெண்டைக்கால் தசைநாண் இழுப்பதால் வரும் வலியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வளர்ச்சி முடியும்போது தானாகப் போய்விடும். இரண்டு மூன்று வாரம் ஓட்டமும் குதிப்பதும் வேண்டாம், குதிகால் பக்கம் அடி தடிப்பாக இருக்கும் ஷூ போடட்டும், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். ஒரு காலில் மட்டும் வலித்தாலோ, வீங்கினாலோ, ராத்திரியில் எழுப்பினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் ஒன்றரை வயது குறைத்தால் என் மகன் மாநிலத்தில் தங்கம் வாங்குவான் என்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்களாமே?
(பெயர் இல்லை, கொடைக்கானல்)

பதில்: செய்யாதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கும் முறை இருக்கிறது, மாட்டினால் தடைதான். மாட்டாவிட்டாலும், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளை ஜெயித்துப் பழகியவன் 20 வயதில் சமவயதுக்காரர்களோடு நிற்கும்போது என்ன செய்வான்? இன்னொன்று, அவனால் இரண்டாவதாக வரும் பிள்ளையின் பெற்றோரும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள். உங்கள் மகனின் உண்மையான வயதையும் 600 மீட்டர் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவனுக்கு ஒரு பயிற்சித் திட்டம் போட்டுத் தருகிறேன்.